வரைபடத்தில் வேண்டியது ஆளா, இடமா?

ஒரே நூலகத்தில், ஒரே உணவுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே அமர்ந்தும் ஒரு சொல்கூடப் பேசாமல் பட்டம் பெற்றுச் செல்வோர் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏராளம். மொழி, துறை, சாதி, விடுதி என அவர்களுக்கிடையே சுவர்கள் பல. அருகிலுள்ள மாணவர்களை அந்தக் கணமே சந்திக்கவைக்கும் செல்பேசிச் செயலி இச்சுவர்களைத் தாண்ட உதவும் என்பது நல்ல எண்ணமே. அதை எவ்வாறு வடிவமைப்பது என்பதுதான் கேள்வி.

இக்கனவு புதியதன்று. நண்பர் இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியில் அறிவித்த டாட்ஜ்பால் சேவையைக் கூகுள் 2005இல் வாங்கி 2009இல் மூடியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான டெனிஸ் கிரௌலி அதே ஆண்டில் ஃபோர்ஸ்கொயரைத் தொடங்கினார். 2012இல் வேறொரு செயலி, ஃபோர்ஸ்கொயரிலும் முகநூலிலும் பொதுவில் கிடைத்த தகவல்களைக் கோத்து, அருகிலுள்ள பெண்களை அவர்கள் அறியாமலே வரைபடத்தில் காட்டியது. கண்டனம் எழவே ஃபோர்ஸ்கொயர் அதன் இணைப்பைத் துண்டித்தது.

தொலைவை மட்டும் காட்டினால் போதும் என்போரும் உளர். துல்லியமான தொலைவு தெரிந்தால், மூன்று இடங்களிலிருந்து அளந்து ஒருவர் நிற்கும் புள்ளியைக் கண்டுவிடலாம்; இது பள்ளி வடிவியல். டிண்டர் செயலியில் இக்குறை இருந்தது 2014இல் வெளிப்பட்டது.

அடர்த்தி மற்றொரு சிக்கல். 5,000 பேர் பயிலும் வளாகத்தில் 100 பேர் செயலியை நிறுவியிருப்பதாகக் கொள்வோம். குறித்த நேரத்தில் அவர்களுள் இருபதில் ஒருவர் ஓய்வாக இருந்தால், மொத்தம் ஐவரே. இருமுறை திறந்து வெறுந்திரையைக் கண்டவர் மூன்றாம் முறை திறக்கமாட்டார். நகரம் முழுவதையும் ஒரேயடியாகப் பிடிக்க முயல்வதைவிட, ஒரு வளாகத்தில் மாலை ஒரு மணி நேரத்திற்கு மட்டும் தொடங்குவதே அறிவுடைமை.

இந்தியச் சூழலுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. பெண்கள் விடுதிகளின் நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2015இல் தில்லியில் 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் எழுந்தது. விடுதிக் கதவு மாலையிலேயே மூடப்படுமாயின், 'திடீர்ச் சந்திப்பு' ஆண்களின் சலுகையாகவே எஞ்சும். இருப்பிடப் பதிவுகள் விடுதிக் காப்பாளர் கைக்குச் சென்றால், சுதந்திரத்திற்கென உருவான கருவியே கண்காணிப்புக் கருவியாகிவிடும். முதலாண்டு மாணவர் பலருக்குப் பதினெட்டு நிறைந்திருப்பதில்லை. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 அவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது.

ஆகவே வரைபடத்தில் இடம்பெற வேண்டியவர் மாணவர் அல்லர், இடமும் நேரமுமே. 'நூலகத் தேநீர்க்கடை, ஐந்து மணி வரை, சதுரங்கம்' என்று ஒருவர் தாமே அறிவிக்கட்டும், விரும்புவோர் செல்லட்டும். பின்னணியில் யாருடைய இருப்பிடமும் திரட்டப்பட வேண்டியதில்லை. நேரம் கடந்ததும் அறிவிப்பு அழிந்துவிடலாம். இதனால் திடீர்த்தன்மை குன்றும் எனச் சிலர் கூறக்கூடும். உண்மையில் குன்றுவது, பிறர் அறியாமல் அவரைத் தேடிச் செல்லும் வசதி மட்டுமே.

தன்னை எப்போது வெளிப்படுத்துவது என்பதைத் தானே முடிவுசெய்யக்கூடியவர்தான் அச்சமின்றி அந்நியரோடு அமர்வார். அவ்வுரிமையை முதலில் உறுதிசெய்யாத செயலி, பேசாதிருந்தவர்களைப் பேசவைக்காது. ஏற்கெனவே துணிவும் சுதந்திரமும் உள்ளவர்களையே மீண்டும் ஒன்றுகூட்டும்.