பழகுவதற்கு ஒரு பூட்டு

சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் வித்தையைப் பொழுதுபோக்காகப் பயில விரும்பும் இளைஞர்கள் சிலரை நாம் அறிவோம். "எந்தப் பூட்டை வாங்கிப் பழகலாம்?" என்று அவர்கள் கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். கற்பதற்கு வேறு வித்தையே அகப்படவில்லையா என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் அது புதியதன்று.

1851-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர் வந்திருந்தார். திறக்க இயலாதது என்று பெயர் பெற்றிருந்த சப் கம்பெனியின் பூட்டை அரை மணிக்குள் திறந்து காட்டினார். பிராமா கம்பெனியார் தம் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பல பத்தாண்டுகளாகச் சவால் விட்டிருந்தார்கள். ஹாப்ஸ் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, அதையும் திறந்து விட்டார். இங்கிலாந்தில் பெருங்கூச்சல் எழுந்தது; ஆயினும் பூட்டுச் செய்வோர் தம் பூட்டுக்களைச் சீர்திருத்தத் தொடங்கியது அதன் பிறகுதான். திருடன் அறிந்த குறையைப் பூட்டு வாங்குகிறவர் மட்டும் அறியாமலிருப்பதால் யாருக்கு லாபம்? தனக்குச் சொந்தமான பயிற்சிப் பூட்டைத் தவிர வேறு எதையும் தொடலாகாது என்ற விதியைக் கண்டிப்பாக வைத்து, பிள்ளைகளைப் பழக விடலாம் என்பதே நமது அபிப்பிராயம். வாசற்கதவில் உள்ள பூட்டு சொந்தப் பூட்டுத்தானே என்று வாதிப்பார்கள். ஒப்புக்கொள்ளக் கூடாது. உள்ளே ஒரு ஸ்பிரிங் கெட்டால் குடும்பம் முழுவதும் தெருவில் நிற்க வேண்டியதாகும்.

பூட்டு என்றாலே நம்மவர்க்குத் திண்டுக்கல் நினைவு வரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுக்களின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாங்காய்ப் பூட்டு முதலியவற்றின் உள்ளே இருப்பவை நெம்புத் தகடுகள். அவற்றைத் திறக்கும் வழியே வேறு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது, லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-லும் 1865-லும் உரிமை பெற்ற முளைப் பூட்டு. அதில் ஓர் உருளைக்குள் மற்றோர் உருளை இருக்கிறது. வரிசையாக உள்ள துளைகள் ஒவ்வொன்றிலும் கீழ் முளை, மேல் முளை, அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்ததும், இரு முளைகளும் சந்திக்கும் இடங்கள் யாவும் உள் உருளையின் விளிம்புக்கு நேராக வருகின்றன, உருளை திரும்புகிறது. எந்தத் தச்சனும் துளைகளை அணுவளவும் பிசகாமல் ஒரே கோட்டில் இட முடியாது. ஆகவே, உருளையை மெல்லத் திருப்பிப் பிடித்தால் ஏதேனும் ஒரு முளைதான் முதலில் இறுகும். அதைத் தேடி உயர்த்தினால், அடுத்தது இறுகும். வித்தை முழுவதும் இவ்வளவே.

கடைகளில் பளிங்கு போன்ற பிளாஸ்டிக் பூட்டு கிடைக்கிறது. உள்ளே நடப்பதை வகுப்பில் காட்ட மிகவும் உகந்தது. பழகுவதற்கோ, ஒரு நாளைக்குமேல் பயன்படாது. விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்துவிடுகிறது, உள்ளமைப்பும் தளர்வானது. எப்படிக் குடைந்தாலும் திறந்துகொள்ளும் பூட்டைத் திறந்துவிட்டு, கெட்டிக்காரனாகிவிட்டதாக எண்ணுவதில் அர்த்தமில்லை.

சாதாரணப் பித்தளைப் பூட்டிலும் ஒரு குறை உண்டு. நூறு தடவை திறந்தால் அந்த ஒரு பூட்டுத்தான் கைக்குப் பாடமாகிறது. ஒரே கணக்கை நாள்தோறும் போட்டு விடையை மனப்பாடம் செய்த மாணவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். எண்ணை மாற்றிக் கொடுத்தால் விழிப்பார்கள்.

ஆகையால் வாங்க வேண்டியது முளைகளை மாற்றி அமைக்கக்கூடிய பித்தளைப் பூட்டு. துளை ஒவ்வொன்றும் மேற்புறத்தில் தனித்தனித் திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் ஒரு திருகாணியைக் கழற்றி, அந்தத் துளையை மட்டும் காலி செய்யலாம். அவ்வாறில்லாமல் உள் உருளையையே உருவியெடுக்க வேண்டிய பூட்டுக்களில், உருளைக்குப் பின்னாலேயே அதே பருமனுள்ள ஒரு குச்சியைச் செலுத்திக்கொண்டு போகாவிட்டால், ஸ்பிரிங்குகள் துள்ளி அறையெங்கும் சிதறும். சாவித்துளை மிகக் குறுகலாக இருக்கலாகாது. மாற்று முளைகளும் ஸ்பிரிங்குகளும் ஒரு சிறு சாமணமும் சேர்த்துக் கொடுத்தால் சிலாக்கியம்.

முதலில் ஒரே ஒரு முளையை மட்டும் வைத்துத் திறக்கட்டும். இது குழந்தை விளையாட்டு என்று தோன்றும். ஆயினும், முளை தன் இடத்தில் அமரும் அந்த மெல்லிய 'கிளிக்' ஓசை விரலுக்குப் புரிவது இங்கேதான். பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றலாம். ஆறும் பழகிய பின், மேல் முளைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, உடுக்கையைப் போல இடை சிறுத்த முளையைப் போட வேண்டும். உருளை சிறிது திரும்பி, திறந்துவிட்டதாக ஏமாற்றி, அங்கேயே நின்றுவிடும். திருப்பும் கையைச் சற்றே தளர்த்தக் கற்பது அப்போதுதான்.

வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், நமக்குத் தெரியாமல் முளைகளை மாற்றி வைக்கச் சொல்லலாம். அவர்கள் இரக்கம் காட்ட மாட்டார்கள்.