நாட்டம் இழந்த பிள்ளை



"என் மகனுக்கு இப்போது எதிலும் நாட்டமில்லை, ஜெபத்திலும் இல்லை, கிரிக்கெட்டிலும் இல்லை" என்று ஒரு தாய் சொன்னால், நம்மில் பலர் பாதியை மட்டுமே கேட்கிறோம். ஜெபக் குறைவைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஆவிக்குரிய சோம்பல் என்று பெயரிட்டு, உபவாசம் இருக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். கவனிக்கவேண்டியதோ கிரிக்கெட்டைப் பற்றிய செய்தி. விரும்பி ஆடிய ஆட்டமே கசந்துபோன பிள்ளை நோயுற்றிருக்கக்கூடும்.

மூளையின் ஆழத்தில் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி உண்டு. நன்மை ஒன்று வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் அது விழித்தெழுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பிள்ளைகள் உறங்க மறுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எது பெறத்தக்கது, அதற்காக எவ்வளவு முயலலாம் என்ற கணக்கை அது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையோடு சேர்ந்தே போடுகிறது. முன்மூளை இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பது. ஆகவே வளரிளம் பருவத்தில் இவ்விரண்டுக்கும் இடையேயான தொடர்புகள் இன்னும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன.

ஐரோப்பியப் பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகப் பின்தொடரும் இமேஜன் ஆய்வு 2015இல் ஒரு முடிவை வெளியிட்டது. 14 வயதினருக்குப் பரிசு வெல்லும் சிறு விளையாட்டு ஒன்றைக் கொடுத்து மூளையைப் படமெடுத்தார்கள். மனச்சோர்வுள்ளவர்களிடம், பரிசை எதிர்நோக்கும் வேளையில் அப்பகுதி மந்தமாயிருந்தது. அன்று நலமாயிருந்தவர்களிலும், அம்மந்தம் மிகுந்தவர்கள் 16 வயதுக்குள் சோர்வுறும் வாய்ப்பு கூடுதலாயிருந்தது. இது பலரின் சராசரியே. ஒரு பிள்ளையின் நோயை ஸ்கேன் எடுத்துத் தீர்மானிக்க இயலாது. யாரும் அதற்காக ஓடவேண்டாம்.

ஆனால் ஒன்று விளங்குகிறது. "நல்ல மதிப்பெண் எடு, பைக் வாங்கித் தருகிறேன்" என்னும் தகப்பன், மகனுக்குள் மங்கிப்போன அதே எதிர்பார்ப்பின்மேல்தான் பந்தயம் கட்டுகிறார். "எப்போதும் சந்தோஷமாயிரு" என்று அதட்டும் நாமும் அவரைவிட மேலானவர்கள் அல்லர். சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீரும். கேள்வி பிற்பாடுதான் வந்தது.

இந்நிலை இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப்பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416 எந்நேரமும் திறந்திருக்கிறது. பேச்சு சிகிச்சையில் ஒரு முறை, விருப்பம் வரட்டும் என்று காத்திராமல் சிறு செயல்களை முதலில் தொடங்கவைக்கிறது. மாலையில் ஒரு நடை, நண்பனோடு அரைமணி நேரம். சிலருக்கு மருந்தும் தேவைப்படலாம். அதை விழுங்குவது அவிசுவாசம் அன்று.

இன்னொன்று: ஜெபக்கூட்டத்தில் அப்பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் ஜெபியுங்கள்.