வெறிநோய்க்கு மட்டும் ஊசி போதுமா?

புது தில்லி: ஜனக்புரி உள்ளிட்ட தில்லிக் குடியிருப்புகளில் பிடிபடும் தெருநாய்களில் வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடுமாறு 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும், 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வலியுறுத்துவது வெறிநோய்த் தடுப்பூசியை மட்டுமே. நாய்களிடமிருந்து நரி, சிறுத்தை, சிங்கம் வரை பரவக்கூடிய டிஸ்டெம்பர் வைரஸை அவை கணக்கில் கொள்ளவில்லை.

இதன் விபரீதத்தை குஜராத்தின் கிர் காடு அறியும். 2018 செப்டம்பரில் தொடங்கி மூன்றே வாரங்களில் அங்கு 23 சிங்கங்கள் மடிந்தன. பல சிங்கங்களிடம் இவ்வைரஸ் உறுதியானது. தடுப்பூசியை அமெரிக்காவிலிருந்து அவசரமாகத் தருவிக்க நேர்ந்தது.

தில்லி ரிட்ஜ் காட்டிலும் நரிகள் உண்டு. தெருநாய்களும் அங்கே திரிகின்றன. நாயைப் பிடிக்கும்போதே இந்த ஊசியையும் போட விதியில் இடம் வேண்டும். செலவைக் காட்டி மத்திய அரசு தயங்கினால், அடுத்த கிர் தலைநகரிலேயே நிகழக்கூடும்.