குழாயில் கேட்காத நாதம்



தா.பழூர் பக்கம் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாள் சாயங்காலமே மைக்செட் வந்து இறங்கிவிடும். மரத்தில் கூம்புக் குழாயைக் கட்டிவிட்டால் பாட்டு கொள்ளிடக் கரைவரை கேட்கும். இளையராஜாவின் பாடல்கள் எங்கள் தலைமுறைக்கு மனப்பாடமானது அந்தக் குழாய்களின் வழியாகத்தான். ஆனால் குரலையும் புல்லாங்குழலையும் ஊர் தாண்டிக் கொண்டுபோன அந்தக் குழாயால் தாழ்ந்த நாதத்தைத் தர முடியாது. பாட்டின் அடியில் ஒருவர் வாசித்துக்கொண்டே இருந்தார். அவருடைய வாசிப்பில் பெரும்பகுதி நம் காதுக்கு வந்து சேரவே இல்லை.

அவர் பேஸ் கிடார் கலைஞர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பேஸ் கிடாரில் பெரும்பாலும் நான்கே கம்பிகள். அவற்றில் மிகத் தடித்தது விநாடிக்கு சுமார் 41 முறை அதிரும். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் இதை விற்பனைக்குக் கொண்டுவரும்வரை, ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸைத்தான் பெரும்பாலும் நிறுத்திவைத்து வாசித்தார்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி வந்தபின் ராக் இசையே மாறிப்போனது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி அடியில் தனியாக ஒரு மெட்டையே ஓடவிட்டார். டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்ற மாட்டார். பழைய கம்பியின் மங்கிய, உருண்டையான ஒலியே அவருடைய அடையாளம். விரலால் மீட்டினால் ஒன்று, பிளெக்ட்ரம் என்னும் சிறு வில்லையால் மீட்டினால் வேறொன்று; கழுத்துப் பக்கம் மீட்டினால் குழைவு, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் இறுக்கம். ஒரு கலைஞரின் தொனி இந்தச் சின்னத் தேர்வுகளிலிருந்துதான் பிறக்கிறது. விலை உயர்ந்த கருவிக்கு அதில் பங்கு குறைவு.

நம்மூர்ச் சான்று சசிதரன். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர். ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தம் கையாலேயே இசைக்குறிப்பு எழுதுபவர் என்பது நாம் அறிந்ததே. எல்லா ஸ்வரமும் தாளில் இருக்கும்போது வாசிப்பவருக்கு என்ன மிச்சம்? எல்லாமே மிச்சம் என்பேன். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் நிற்க விடுவது, எந்த நொடியில் விரலை வைத்து அடக்குவது, டிரம்ஸின் அடியோடு ஒட்டுவதா, மயிரிழை பின்தங்குவதா என்பதையெல்லாம் தாளில் எழுதிவிட முடியாது. ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலில் யேசுதாஸின் குரலுக்குக் கீழே போகும் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அடுத்து ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’. எல்லோரும் அதன் கிடாரைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கிடார் அத்தனை சுதந்திரமாகத் துள்ளுவதற்கு இடம் கொடுப்பது கீழே நடக்கும் பேஸ். தவிலில் வலந்தலை பொரிந்து தள்ளும்போது தொப்பி கொடுக்கும் கனம் போன்றது அது.

வேகம் சிறந்த பேஸ் கலைஞரின் அளவுகோல் ஆகாது என்பதே என் தீர்மானமான கருத்து. மும்பையின் பேஸ் கலைஞர் மோகினி டே வியக்கவைக்கும் வேகக்காரர்தான்; ஆனாலும் அவரிடம் எனக்குப் பிடித்தது வேகத்துக்கு நடுவே அவர் விடும் இடைவெளி. ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களுக்குப் பல ஆண்டுகள் வாசித்த சென்னையின் கீத் பீட்டர்ஸ், பாட்டுக்குத் தேவையில்லாத ஒரு ஸ்வரத்தைக்கூடச் சேர்க்காதவர். அடக்கம் என்று இதைச் சொல்வது போதாது. மற்ற எல்லோரையும் கேட்டுக்கொண்டே வாசிக்கிற பெரிய உழைப்பு அது.

இன்று நம் பக்கத்துத் திருவிழா மேடைகளுக்குப் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் வந்துவிட்டன. தாழ்ந்த நாதத்தைத் தர இப்போது கருவி உண்டு, வாசிக்கத்தான் ஆள் இல்லை. செலவைக் குறைக்கப் பல இன்னிசைக் குழுக்களில் கீபோர்டுகாரரே இடது கையால் பேஸையும் சேர்த்துச் சமாளிக்கிறார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் கம்பியை விரல் தொடுவதும் விடுவதும் அந்தக் கட்டையில் வராது.

ஊர்த் திருவிழாப் பொறுப்பில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இன்னிசைக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கும்போது, பேஸ் கிடாருக்குத் தனி ஆள் உண்டா என்று கேளுங்கள். கூடுதலாக ஒருவருக்குச் சம்பளம் ஆகும், தயங்காமல் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்