லீனியரின் முதல் அரை வினாடி

மின்சாரச் சாதனம் ஒன்று பழுதாகிவிட்டால், அது நெடுநேரம் ஓடிச் சூடேறியதனாலேயே கெட்டுப்போயிற்று என்று ஊகிப்பது மனித சுபாவம். ஆயினும், அமெச்சூர் வானொலிக்காரர்கள் தங்கள் சமிக்ஞையின் வலிமையைக் கூட்டுவதற்காக வைத்திருக்கும் சக்திப் பெருக்கியைப் பொறுத்தவரை, அதன் சுவிட்சையும் டையோடுகளையும் மெல்ல மெல்லத் தின்று தீர்ப்பது, சுவிட்சைத் தட்டியவுடன் கழியும் முதல் அரை வினாடியே ஆகும். அந்த அரை வினாடியில் பாய்ந்து வரும் மிகை மின்னோட்டத்துக்கு அணை போடுவதற்கு வேண்டிய உறுப்புகள் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடக் கூடியவை. அப்படியிருந்தும், விருப்பமுள்ளவர் பின்னால் பொருத்திக்கொள்ளட்டும் என்று அவற்றை உபரிச் சாமானாக ஒதுக்கிவைக்கும் வழக்கம் இத்துறையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும், அதை ஒழிக்கிறோம் என்று சொல்லிக் கண்ட உபாயத்தையெல்லாம் காப்பு என நம்பிவிடுதல் அதைவிடத் தீது என்பதும் எமது அபிப்பிராயம்.

அரசாங்கத்தின் தேர்வெழுதி உரிமம் பெற்று, வருமானம் கருதாமல், உலகெங்குமுள்ள தம்மையொத்த ஆர்வலர்களுடன் வானலை வழியே உரையாடும் இவர்களை ஹாம்கள் என்று வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவர்களது மேசைமேலுள்ள டிரான்ஸீவர் சாதாரணமாக 100 வாட் அளவில் சக்தி தருவது; அதனைப் பல நூறு வாட்டுக்கு உயர்த்தித் தரும் பெட்டியை அவர்கள் லீனியர் என்பார்கள். இத்தகைய லீனியர்களில், அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பரிலிருந்து ஹீத்கிட் கம்பெனியார் 1970களில் உதிரியாக விற்று, வாங்கியவர்களே தம் கையால் பற்றவைத்துக் கட்டிக்கொண்ட எஸ்.பி.-220 என்பது, இன்றும் அநேகர் வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கும் பிரசித்தி பெற்ற கருவியாகையால், அதனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு 3-500இசட் வால்வுகள், 3,000 வோல்ட் அளவிலான உயர் அழுத்தத்துக்கு வழிசெய்யும் ஒரு கனத்த டிரான்ஸ்பார்மர், 200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் எட்டு வரிசையாகக் கோத்த ஒரு தொடர் என இவ்வளவும் ஒரே சுவிட்சின் கீழ் அமைந்தவை. அச்சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஏக காலத்தில் உயிர்பெறும். மிகை மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் கம்பெனியார் தந்த வரைபடத்தில் கிடையாது.

மிகை மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது? முதற் காரணம் டிரான்ஸ்பார்மரின் இரும்பு. மாறுதிசை மின்னழுத்தம் சுருளில் ஏறும்போது இரும்பினுள் எழும் காந்தப் பெருக்கு, அழுத்தத்தின் அந்தந்தக் கணத்து மதிப்பைப் பின்பற்றாமல், அதுவரை சேர்ந்துவந்த மொத்தத்தைப் பின்பற்றுவது. எனவே, அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் சுவிட்ச் மூடப்படின் காந்தப் பெருக்கு தன் வழக்கமான எல்லைக்குள் ஊசலாடும். அழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்திலே மூடப்படின், ஓர் அரைச் சுழற்சி முழுவதும் ஒரே திசையில் சேர்ந்து, வழக்கமான உச்சத்தைப் போல இருமடங்குக்கு ஏறிவிட முயலும். முந்தைய தடவை அணைத்தபோது இரும்பில் எஞ்சி நின்ற காந்தமும் அதே திசையில் இருந்துவிட்டாலோ, இன்னும் மேலே போகும். இரும்போ அவ்வளவைத் தாங்கவல்லதன்று. ஓர் அளவுக்கு மேல் அது செறிவடைந்து, காந்தத்துக்கு இடங்கொடாத வெறும் உலோகத்துண்டு போலாகிவிடுகிறது. அந்நிலையில் சுருளுக்கு மின்னோட்டத்தை எதிர்க்கும் திறன் பெரும்பாலும் போய்விடுவதால், எஞ்சியிருக்கும் கம்பியின் சொற்பத் தடை ஒன்றுதான் வீட்டு மின்சாரத்துக்கும் விபரீதத்துக்கும் இடையே நிற்பது. முழுச்சுமையின்போது பாயும் மின்னோட்டத்தைப் போலப் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேலாக, சில சுழற்சிகளுக்கு அது பாய்கிறது. வளைய வடிவ இரும்பில் சுற்றிய டொராய்டல் டிரான்ஸ்பார்மர்களில், காந்தப் பாதையில் இடைவெளி சிறிதும் இல்லாத காரணத்தால், இந்தத் தொல்லை மிகுதி.

இந்தியாவில் இக்கருவிகளை வைத்திருப்போர் விசேஷமாகக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று இங்கே உண்டு. காந்தப் பெருக்கு, அழுத்தத்தை அலைவெண்ணால் வகுத்த ஈவைப் பொறுத்தது. ஆகையால், வினாடிக்கு 60 சுழற்சிக்கென்றே கணக்கிட்டுச் சிக்கனமாகச் சுற்றப்பட்ட டிரான்ஸ்பார்மரை அதே அழுத்தத்தில் நம்முடைய 50 சுழற்சியில் ஓட்டினால், அதன் இரும்பு எப்போதும் 20 சதவீதம் கூடுதலான காந்தத்தைச் சுமந்துகொண்டு, செறிவின் விளிம்பிலேயே வாழ்கிறது. 50, 60 ஆகிய இரண்டுக்கும் தகுதியானது என்று பொறிக்கப்படாத டிரான்ஸ்பார்மரை வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

கெபாசிட்டர்களின் கதை எளிது. வெறுமையான கெபாசிட்டர், நிரம்பும் வரையில், குறுக்குச் சுற்றுக்குச் சமானம். எஸ்.பி.-220இன் எட்டும் தொடராகச் சேர்ந்து 25 மைக்ரோஃபாரட் ஆகின்றன. அவற்றை 3,000 வோல்ட்டுக்கு நிரப்பச் சுமார் 112 ஜூல் சக்தி வேண்டும். அதனைச் சில சுழற்சிகளுக்குள் ஊட்ட நேரும்போது அடிபடுபவை டையோடுகளே. வால்வுகளின் இழை விஷயத்தில் ஹாம்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டு. 3-500இசட் வால்வின் இழைக்கு 5 வோல்ட்டும் ஏறக்குறைய 14.5 ஆம்பியரும் தேவை. குளிர்ந்திருக்கையில் அதன் தடை, சூடான நிலையிலுள்ளதில் சுமார் பத்திலொரு பங்கே ஆகையால், தொடக்க மின்னோட்டம் இழையை உலுக்கி ஆயுளைக் குறைக்கும் என்பது ஒரு கட்சி. இழைக்கான டிரான்ஸ்பார்மரின் உள்தடையே அதைப் போதுமான அளவுக்கு அடக்கிவிடுகிறது என்பது மறு கட்சி. எமக்கு இரண்டாம் கட்சியே நியாயமாகப் படுகிறது. ஆனால், பிரதான மின்னோட்டத்தை வாயிலிலேயே மட்டுப்படுத்திவிட்டால் இழைக்கும் அந்த நன்மை செலவின்றிக் கிட்டிவிடுவதால், இந்த வழக்கை முடிக்காமலே விட்டுவிடலாம்.

இந்த மிகை மின்னோட்டத்தால், ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் அதன் முனைகளில் சிறு பொறி தெறித்துக் குழி விழுகிறது. சில காலத்தில் முனைகள் ஒட்டிக்கொண்டு, அணைத்தாலும் அணையாத நிலை வந்துவிடுகிறது. மதிப்பீட்டு அளவைப் போல 3 முதல் 5 மடங்கு வந்தாலே விழுந்துவிடும் பி வகை எம்.சி.பி. வீட்டில் இருந்தால், அதுவும் கூடவே விழும். இந்த இடத்தில்தான் மனிதர்களின் புத்தி தடுமாறுகிறது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று பீங்கான் கட்டையில் இரட்டைக் கம்பி சுற்றுகிறவர்களும், 10 முதல் 20 மடங்கு வரை பொறுத்துக்கொள்ளும் டி வகை எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதி அடைகிறவர்களும், வீட்டின் புகாரை அடக்கினார்களேயன்றிப் பெருக்கியின் நோயைத் தொட்டாரில்லை. அதே மிகை மின்னோட்டம், தடுப்பார் எவருமின்றி, முன்னிலும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் நம் உழவர்கள் நன்கறிந்த ஒன்றே. கிணற்று மோட்டாரை நேரே மின்சாரத்தில் இணைத்தால் தொடக்கத்தில் ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதனால், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்து அதனை மூன்றிலொரு பங்காக்கி, வேகம் பிடித்தபின் முழு அழுத்தம் கொடுக்கிறார்கள். ஸ்டார்ட்டர் இல்லாமல் பெரிய மோட்டாரை எவரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. லீனியருக்கும் அதே தத்துவம்: மின்சாரம் உள்ளே வரும் வழியில் 25 ஓம் அளவிலான கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால், 230 வோல்ட்டின் உச்சமான 325 வோல்ட் முழுதும் அதன்மேல் விழுந்தாலும் 13 ஆம்பியருக்கு மேல் ஓட வழியில்லை. அரை வினாடி அல்லது ஒரு வினாடி கழித்து, ஒரு ரிலே அந்த ரெசிஸ்டரைக் குறுக்காக இணைத்து வழியிலிருந்து விலக்கிவிடும். இதற்கு ஸ்டெப் ஸ்டார்ட் என்று பெயர்.

முப்பது வருஷமாக இதெல்லாம் இல்லாமல்தானே ஓடுகிறது என்பார் சொல்வதையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை, எஸ்.பி.-220களில் அநேகம் பிழைத்திருப்பது பிரத்தியட்சம். ஆயினும் அவை பிழைத்த காரணத்தை யோசிக்க வேண்டும். அந்நாளைய அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட்டுச் சாதாரணச் சுவர்ப் புள்ளியில், நீண்ட மெல்லிய கம்பியின் கடைசியில் இணைக்கப்பட்ட பெருக்கிக்கு, அந்தக் கம்பியே கேளாமல் கிடைத்த ரெசிஸ்டராக இருந்தது. அதே பெருக்கியை, தனியாகக் கனத்த கம்பி இழுத்து 240 வோல்ட்டில் மாட்டி, உலர்ந்துபோன பழைய கெபாசிட்டர்களை நீக்கி அவற்றினும் பெரியவற்றை வைத்துப் புதுப்பிக்கிற இந்நாளில், அந்தத் தற்செயலான காப்பு போய்விட்டது. சேதத்தைப் பெருக்கும் காரணங்களோ கூடியிருக்கின்றன.

இனி, போலிக் காப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்ந்திருக்கையில் தடை மிகுந்தும் சூடேறியபின் குறைந்தும் இருக்கும் தெர்மிஸ்டரை வழியில் வைத்துவிட்டு, ரிலேயே வேண்டாம் என்பார் உளர். ஒழுங்காக மின்சாரம் வரும் ஊருக்கு அது போதுமாயிருக்கலாம். கண் சிமிட்டும் நேரத்துக்கு மின்சாரம் போய்த் திரும்பும் நம்மூர்களில், அது ஆறித் தன் தடையைத் திரும்பப் பெற ஒரு நிமிஷமாவது வேண்டியிருக்க, அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால், காப்பு அவசியமான அந்தத் தருணத்தில் அது காப்பாக இல்லை. போதாததற்கு, பேசும்போது ஏறியும் மௌனத்தில் இறங்கியும் வரும் லீனியரின் மின்னோட்டத்தில் அதன் சூடு ஒரு நிலையில் நிற்பதுமில்லை. காலக்கணக்கில் ரிலேயை மூடும் சுற்றுகளுள் மட்டமானவற்றுக்கும் இதே குறை: கணக்கு வைக்கும் சிறு கெபாசிட்டர் வடிவதற்குள் மின்சாரம் திரும்பினால், ரிலே காத்திராமல் மூடிவிடும்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது, அழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணம் பார்த்து மூடும் சாலிட் ஸ்டேட் ரிலேயை, மிகவும் மென்மையானது என்று நம்பி டிரான்ஸ்பார்மருக்கு வைப்பதாகும். விளக்குக்கும் அடுப்புக்கும் அது உத்தமமான உபகரணம். டிரான்ஸ்பார்மரின் இரும்புக்கோ, மேலே சொன்னபடி, மிகவும் கொடிய கணத்தை ஒவ்வொரு தடவையும் தவறாமல் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. சாதாரணச் சுவிட்சிலாவது நல்ல கணம் வாய்க்க இடமுண்டு.

எம்மைக் கேட்டால், பழைய ஹாம்கள் கையாண்ட எளிய முறை ஒன்றே சாலச் சிறந்தது என்போம். ரிலேயின் சுருளைத் தனிக் கடிகாரத்தோடு இணைக்காமல், ரெசிஸ்டருக்கு அப்பால், டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருளுக்கு இணையாகவே மாட்டிவிட வேண்டும். இரும்பு செறிவிலும் கெபாசிட்டர்கள் பசியிலும் இருக்கும் வரையில் அங்கே அழுத்தம் தாழ்ந்திருக்கும், ரிலே இழுக்காது. அவை அடங்கி அழுத்தம் உயர்ந்த பின்பே இழுக்கும். மின்சாரம் நொடிப்பொழுது போனாலும் ரிலே உடனே விட்டுவிடுமாகையால், அடுத்த தொடக்கத்துக்கும் காப்பு ஆயத்தமாயிருக்கும். உள்ளே எங்கேனும் குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிட்டால், அழுத்தம் உயரவே உயராது. ரிலே கடைசிவரை மூடாமல், பெருக்கியைப் பெருஞ்சேதத்திலிருந்து தப்புவிக்கும். ஆனால் அப்போது அந்த ரெசிஸ்டரின் தலையில் 2,000 வாட்டுக்கு மேல் விழும் என்பதை மறந்து, அதனை மரப்பலகையின் மேலோ கம்பிக் கற்றைகளின் நடுவிலோ வைப்பவர், ஒரு விபத்தைத் தவிர்த்து இன்னொன்றை விலைக்கு வாங்குகிறவர். ரெசிஸ்டரோடு தொடராக ஒரு ஃப்யூஸ் வேண்டும். பீங்கான் தாங்கியில், காற்றோட்டத்தில் அந்த ரெசிஸ்டர் நிற்க வேண்டும். எதிர்ப்புறத்துக் கோளாறு இன்னும் தந்திரமானது: ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டால், எல்லாம் வழக்கம்போல் வேலை செய்வதாகத் தோன்றும், காப்பு மட்டும் இராது. ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறு நியான் விளக்கு வைத்தால், சுவிட்ச் போட்டதும் அது ஒருமுறை மின்னி அணைவதைக் காணலாம். மின்னாத நாளில் ரிலேயைச் சோதிக்க வேண்டும்.

டிரான்ஸிஸ்டர்களால் ஆன புதுப் பெருக்கிகளில், மின்சப்ளைப் பெட்டி செய்பவர்களே இக்காப்பை உள்ளடக்கி விடுவது பெரும்பாலும் சம்பிரதாயமாகிவிட்டது. வால்வுப் பெருக்கிகளுக்கும், அவற்றைத் தம் கையால் கட்டுவோர்க்கும் அந்த நியதி வரவேண்டும். பழைய லீனியரை விற்பவர், அதன் வால்வுகளின் வயதைச் சொல்வது போல, ஸ்டெப் ஸ்டார்ட் உண்டா, எந்த வகை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். வெள்ளம், புயல் வேளைகளில் சிறு ஜெனரேட்டரை நம்பி நிலையம் அமைக்க நேரும் ஹாம் குழுக்களுக்கு இது இன்னும் அவசியம்: கட்டுப்பாடற்ற ஒரு லீனியரைப் போட்டவுடன் ஜெனரேட்டரின் அழுத்தம் சரிந்து, அதே கம்பியில் இயங்கும் கணினியும் டிரான்ஸீவரும் அணைந்துபோய், பேச வேண்டிய வேளையில் நிலையம் ஊமையாகிவிடக்கூடும். ஆகவே, ஒத்திகை நடத்தும் குழுக்கள், பெருக்கிகளை வீட்டு மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாமல், ஜெனரேட்டரில் மாட்டி, நடுவில் ஒரு வினாடி மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்து, அப்போதும் ஃப்யூஸ் நிற்கிறதா என்று பார்த்தபின்பே களத்துக்கு அனுமதிக்க வேண்டும்.