அப்பா காரும் உப்புக் காத்தும்

டூவிபுரம், பிரையண்ட் நகர், முத்தையாபுரம்... தூத்துக்குடியில எந்தப் பக்கம் போனாலும் ஒரு பழைய மாருதி 800 கண்ணுல படும். கார் மேல கவர், கவர் மேல தூசி, தூசி மேல ஒரு பூனை. வீட்ல கேட்டா, "அது அப்பா கார்"னு பதில் வரும். ஓட்டுறதும் இல்ல, விக்கிறதும் இல்ல. கதவைத் திறந்து உள்ள எட்டிப் பாருங்க. டாஷ்போர்டு கோடை காலத்துக் கண்மாய் மாதிரி பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். காத்து வர்ற வென்ட்ல பாதிப் பட்டையைக் காணோம், மீதிப் பாதி தலை தொங்கி நிக்கும். 'இன்ஜின் ஓகே, பாடி ஓகே, உள்ளதான் பாக்கச் சகிக்கல'ன்னு சொல்லிச் சொல்லியே எத்தனையோ கார் பழைய இரும்புக் கடைக்குப் போயிருச்சு.

இந்த வாரம் அந்த 'உள்ள' சமாச்சாரம்தான் பாஸ். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க. மெக்கானிக்கல் மக்கா, உங்களுக்கு வேலை அப்புறம் இருக்கு.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்குறவங்களுக்கு... 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டி ஏரல், ஸ்ரீவைகுண்டம்னு எல்லாம் முங்குச்சு. டவுனுக்குள்ள வீட்டு வாசல்ல நின்ன காருங்க எல்லாம் சீட் வரைக்கும் தண்ணியில. புது கார் வெச்சிருந்தவங்க முழு இன்சூரன்ஸ் போட்டிருந்தாங்க. டாஷ்போர்டு மட்டத்துக்குத் தண்ணி ஏறிட்டா அந்தக் காரை 'டோட்டல் லாஸ்'ல சேர்த்து கம்பெனிக்காரங்க கணக்கை முடிக்கிறதுதான் பொதுவான வழக்கம். பதினஞ்சு, இருபது வருஷக் காருக்கு? பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான். அடுத்தவங்களுக்கு நாம பண்ற சேதத்துக்குத்தான் அது காசு தரும். நம்ம வென்ட்டுக்குள்ள புகுந்த சேத்துக்கு அஞ்சு பைசா வராது. ஒண்ணு கையில இருந்து செலவு பண்ணணும், இல்ல கையால வேலை பாக்கணும்.

செலவு இன்னொரு பக்கமும் இருக்கு. பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணம், 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. இருபது வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல அதையும் 10,000 ஆக்கிட்டாங்க. மாருதி 800 தயாரிப்பே 2014 ஜனவரியோட நின்னு போச்சு. ஆக, அப்பாவுக்கு முன்னாடி நிக்கிற கேள்வி ரொம்ப சிம்பிள்... இதை வெச்சுக்கணுமா, தூக்கிப் போடணுமா? டாஷ்போர்டு வேலைக்கு மட்டும் ஒரு பெரிய தொகை எஸ்டிமேட் வந்தா, பதில் தானா ரெண்டாவதாதான் இருக்கும்.

ஆனா அந்த வேலையில முக்கால்வாசி நீங்களே செய்யலாம். பெயின்ட் டப்பாவோட ஆரம்பிக்காம இருந்தா போதும்.

முதல்ல ஏன் வெடிக்குதுன்னு பாப்போம். 2018-ல அமெரிக்காவுல அரிசோனா வெயில்ல காரை நிறுத்திவெச்சு அளந்தாங்க. ஒரு மணி நேரத்துல உள்ள இருக்கிற காத்து சராசரியா 47 டிகிரி செல்சியஸ். ஸ்டீயரிங் 53. டாஷ்போர்டு 69! காருக்குள்ள அதிகமா வேகுறது அதுதான். நம்ம ஊரு சித்திரை வெயிலும் சாதாரணப்பட்டதா என்ன? மெத்துன்னு இருக்கிற டாஷ்போர்டுனா மேல்தோல் பெரும்பாலும் பி.வி.சி. பி.வி.சி. இயற்கையில விறைப்பான ஆளு. அதை இளக்க பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய்ச் சமாச்சாரத்தைக் கலந்திருப்பாங்க. சூட்டுல அது கொஞ்சம் கொஞ்சமா வெளியேறும். முன் கண்ணாடியில உள்பக்கம் பிசுபிசுன்னு ஒரு படலம் படியுதே... அதுல பெரும்பங்கு இதுதான். எண்ணெய் போன பி.வி.சி. சுருங்கும், இறுகும், வெடிக்கும். கெட்டி பிளாஸ்டிக் டாஷ்போர்டுனா பல காருல ஏ.பி.எஸ். அதுல ரப்பர் மாதிரி ஒரு பாகம் இருக்கு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் முதல்ல அதைத்தான் தின்னும். அப்புறம் மேல வெளுப்பு, தட்டினா தெறிப்பு.

இது மதுரைக்கும் பொருந்தும், சேலத்துக்கும் பொருந்தும். தூத்துக்குடிக்குன்னு ஒரு ஸ்பெஷல் இருக்கு... உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடலோரத்துல ராத்திரி இது சகஜம். உப்போட கலந்து வர்ற மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீதமே அதுக்குப் போதும். பிரிச்சு வெச்ச மக்ரூன் பாக்கெட் நமநமத்துப் போற அதே ஊர்தானே! ஆக, வென்ட் வழியா உள்ள போன உப்புத் தூசி பகல்ல காய்ஞ்சு, ராத்திரி கசிஞ்சு, மறுபடி காய்ஞ்சு... டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூ, புளோயர் மோட்டார், ஒயர் முனை எல்லாத்தையும் அரிக்கும். வென்ட் லீவர் நகர மாட்டேங்குதுன்னா பட்டை மேல கோபப்படாதீங்க. உள்ள கேபிள் துருப்பிடிச்சு உக்காந்திருக்கும்.

சரி, கழட்டலாம். பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. பழைய பிளாஸ்டிக் கிளிப் குளிர்ச்சியில பட்டுனு போயிரும். அதனால காலையில வேண்டாம், கார் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கிற நேரம் பாருங்க. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாம, சப்பையான ஒரு பிளாஸ்டிக் துண்டை ஓரத்துல விட்டு, சிப்பி திறக்கிற பக்குவத்துல எடுங்க. (முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. உவமைக்காவது உதவட்டும்!) ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கே இருந்துச்சுன்னு செல்போன்ல படம் எடுத்துக்கங்க.

கழட்டின துண்டைத் திருப்பிப் பாருங்க. பல காருல பின்பக்கம் ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல பி.பி., ஏ.பி.எஸ்.னு எழுதியிருக்கும். அதுதான் அந்த பிளாஸ்டிக்கோட ஜாதகம். எழுதலைன்னா? உடைஞ்ச துண்டுல நகம் அளவு எடுத்து நல்ல தண்ணியில போடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன், அதாவது பி.பி. முங்கினா, ஒரு லிட்டர் தண்ணியில 350 கிராம் கல்லுப்பைக் கரைச்சு அதுல போடுங்க. ஏ.பி.எஸ். அதுல மிதக்கும். பி.வி.சி. அப்பவும் முங்கும். உப்பளத்துல டிகிரி பாக்குறவங்களுக்கு இதுல ஒரு அதிசயமும் இல்ல. 25 டிகிரி போமே வந்தா பாத்தியில உப்பு விளைய ஆரம்பிக்கும். அந்தத் தண்ணியோட அடர்த்தி சாதாத் தண்ணியைப் போல 1.2 மடங்கு. நம்ம லேப்ல ஹைட்ரோமீட்டர் வெச்சு மார்க் வாங்கத் தெரியாத ஆளுகூட அளத்துல போய் நின்னா பத்து நிமிஷத்துல கத்துக்கலாம். ஒரே ஒரு சிக்கல்... டால்க் பவுடர் கலந்த பி.பி.யும் ஏ.பி.எஸ். மாதிரியே நடிக்கும். அதுக்கு ஒரு சொட்டு அசிட்டோன். ஏ.பி.எஸ். பிசுபிசுக்கும், பி.பி. கண்டுக்கவே கண்டுக்காது.

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குன்னா, ஒட்டுற வித்தை ரெண்டுக்கும் வேற வேற. ஏ.பி.எஸ்.ஸா இருந்தா லக்கு. உடைஞ்ச அதே பிளாஸ்டிக்கோட சில்லுகளை ஒரு கண்ணாடி பாட்டில்ல அசிட்டோன் ஊத்திப் போட்டு வைங்க. ராத்திரி கழிஞ்சா கூழாயிருக்கும். அந்தக் கூழைப் பின்பக்கமா விரிசல்ல பூசி, ஒரு நாள் விட்டுட்டா ஒட்டுன்னு சொல்ல முடியாது, ஒரே உடம்பாயிரும். சின்ன ஓட்டைக்கு சூப்பர் க்ளூவும் சமையல் சோடாவும் போதும். சோடாவைத் தூவி ஒரு சொட்டு விட்டா சில விநாடியில கல்லு. அப்ப சுடும், புகையும், மூஞ்சியைக் கிட்ட கொண்டு போகாதீங்க. அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், அதனால மொட்டை மாடியில வெச்சு வேலை பாருங்க. பக்கத்துல சிகரெட்டோட எந்த நண்பனும் நிக்கக் கூடாது.

பி.பி.னா எந்தப் பசையும் உரிஞ்சு வந்துரும். அதுக்கு சால்டரிங் அயர்ன்தான். பின்பக்கம் மெல்லிசா ஒரு ஸ்டீல் வலைத் துண்டை வெச்சு, சூடு காட்டி உள்ள அமுக்கி, மேல இன்னொரு பி.பி. துண்டை உருக்கி மூடணும். துண்டுக்கு எங்க போறதுன்னா, பழைய பம்பர்கள்ல நிறைய பி.பி.தான். பெயின்ட் கடைக்காரர்கிட்ட வெறும் ஸ்ப்ரே கேக்காம, பி.பி.யில பிடிக்கிற பிரைமர்னு சொல்லிக் கேளுங்க. அது இல்லாம அடிச்சா ரெண்டே மாசத்துல நகத்தால சுரண்டினா தோல் தோலா வரும்.

பெயின்ட்டுக்கு முன்னாடி இன்னொரு எதிரி. இத்தனை வருஷமா காரைக் கழுவும்போதெல்லாம் அடிச்ச பளபளா ஸ்ப்ரே! அதுல சிலிக்கோன் இருந்தா அது மேல எந்தப் பெயின்ட்டும் நிக்காது. பாத்திரம் விளக்குற சோப்புத் தண்ணியில ரெண்டு தடவை, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு தடவை துடைச்சு, 400, 600 நம்பர் பேப்பர்ல தேய்ங்க. கலர்? மேட் கருப்போ சாம்பலோ, பளபளப்பு இல்லாம. மினுமினுன்னு அடிச்சீங்கன்னா அது முன் கண்ணாடியில எதிரொளிச்சு, பகல்ல பாளை ரோட்டுல எதிர்ல வர்ற கன்டெய்னர் லாரி தெரியாது. அழகுக்குன்னு அடிச்ச பெயின்ட் ஆஸ்பத்திரியில கொண்டு விட்டுரும்.

மெக்கானிக்கல் மக்கா, இப்ப வாங்க. வென்ட்.

அம்பாசடர், பத்மினி காலத்துல முன் கதவுல ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும். திருப்பினா காத்து மூஞ்சியில வந்து அறையும். உடையறதுக்கு அதுல பிளாஸ்டிக்கே கிடையாது. பிற்காலத்து வென்ட் அப்படி இல்ல. ஒவ்வொரு பட்டைக்கும் ரெண்டு முனையில தீக்குச்சித் தலை மாதிரி குட்டி முனை, பின்னாடி எல்லாத்தையும் சேர்த்து ஆட்டுற ஒரு குச்சி. உடையறது எப்பவும் அந்தக் குட்டி முனைதான். பட்டை பத்திரமா இருந்தா புதுசு வாங்க வேண்டாம். குண்டூசியைச் சூடு பண்ணி, முனை இருந்த இடத்துல நேரா இறக்கி, ஆறினதும் தேவையான நீளத்துக்கு வெட்டுங்க. புது அச்சு ரெடி. பட்டை நிக்காம தொங்கினா, குழியில மெல்லிசா ஃபெல்ட் துணி ஒரு நூலளவு. இறுக்கமா இருந்தா துளி சிலிக்கோன் கிரீஸ். மெஷின் ஆயிலை மட்டும் விடாதீங்க, உப்புத் தூசியைக் கூப்பிட்டு உக்கார வெச்சிரும். பட்டையே காணோம்னா சென்னை புதுப்பேட்டை வரைக்கும் போக வேண்டியிருக்கும். போறப்ப உடைஞ்சதைக் கையோட கொண்டு போங்க. வாயால விளக்கினா அங்க வேற காரோடதைத் தலையில கட்டிருவாங்க.

வென்ட்டைத் திறந்ததும் கறுப்பா, மெத்துமெத்துன்னு துகள் பறக்குதா? பயந்துராதீங்க. உள்ள காத்தைத் திருப்பிவிடுற கதவு மேல ஒட்டியிருந்த ஃபோம், ஈரத்துலயும் சூட்டுலயும் மட்கி உதிருது. சுரண்டிட்டுப் புது ஃபோம் ஒட்டணும். இல்லைன்னா கண்ணாடிக்குப் போக வேண்டிய காத்து காலுக்குப் போகும். கேலி இல்லைங்க. ஐப்பசி மழையில கண்ணாடி உள்பக்கம் பனிமூட்டம் கட்டும்போது அதைத் துடைக்கிறது அந்தக் காத்துதான். டாஷ்போர்டைத் திருப்பி மாட்டுறப்ப கண்ணாடிக்கு அடியில போற குழாய் சரியாப் பொருந்தியிருக்கான்னு கைவிட்டுப் பாருங்க. நிறைய பேர் அவசரத்துல விடுறது இதைத்தான்.

வெள்ளத்துல நின்ன காருன்னா குழாய் எல்லாத்தையும் தனியாக் கழட்டி நல்ல தண்ணியில அலசணும். காய்ஞ்ச சேறு உள்ளயே இருந்தா புளோயர் போடுற அன்னைக்கு மூக்குக்குள்ள வரும், பூஞ்சையோட. ஒயர் முனையில பச்சை படிஞ்சிருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பிரஷ் போடுங்க. அதை முடிக்காம சாவியைத் திருப்பாதீங்க.

ஒரு கண்டிப்பான விஷயம். டாஷ்போர்டுல 'ஏர்பேக்'னு எழுதியிருந்தா மேல சொன்ன எதுவும் உங்க வேலை இல்ல. அந்த மூடி சரியான கோட்டுல கிழிஞ்சு திறக்கிற மாதிரி செஞ்சது. அது மேல கூழ், வலை, பெயின்ட் எதுவும் போகக் கூடாது. பயிற்சி உள்ள ஆள்கிட்ட விட்டுருங்க.

"இவ்வளவு பாடுபட்டு ஒரு எண்ணூறையா தம்பி?"ன்னு பக்கத்து ஒர்க் ஷாப் அண்ணாச்சி கேப்பாரு. முதல் மாருதி 800 சாவியை 1983 டிசம்பர் 14-ல இந்திரா காந்தி கையால வாங்கினவர் டெல்லி ஹர்பால் சிங். 2010-ல அவர் காலமாகுற வரைக்கும் அந்தக் காரை விக்கல. அதுக்கப்புறம் வீட்டு வாசல்ல துருப்பிடிச்சு நின்னுச்சு. கடைசியில அதைச் சீர்பண்ணி, கம்பெனி தன் தலைமை அலுவலகத்துலயே காட்சிக்கு வெச்சிருச்சு. அண்ணாச்சிகிட்ட இதைச் சொல்லுங்க. டீ வாங்கிக் கொடுத்தாலும் கொடுப்பாரு.

முடிச்ச காரை வெயில்ல விட்டா மறுபடி முதல்ல இருந்து. வேப்பமர நிழல் நல்லது, ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்கு. பங்குனி, சித்திரையில பூ உதிர்ந்து வைப்பருக்குக் கீழ இருக்கிற பள்ளத்துல சேரும். வென்ட்டுக்குப் போற வெளிக்காத்து உள்ள நுழையறதே அங்கதான். அது அடைச்சா மழைத்தண்ணி போக வழியில்லாம முன் சீட்டுக்காரர் காலடியில இறங்கும். வாரம் ஒரு தடவை பானட்டைத் தூக்கி, அந்தப் பள்ளத்தைக் கையால வழிச்சு எடுத்துருங்க. பூனையை மட்டும் முன்னாடியே இறக்கி விட்டுருங்க.