சோம்பல் அல்ல, நோய்!

"கவனம் போதாது", "சோம்பேறி", "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது" - இந்தப் பட்டங்களில் ஒன்றையாவது வாங்காத தொழிலாளி உண்டா? மில்லில் மேஸ்திரி கொடுக்கிறார். வயலில் நடவுக்கு ஆள் பிடித்து வந்தவர் கொடுக்கிறார். கடையில் சூப்பர்வைசர் கொடுக்கிறார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் கொடுக்கிறார்.

பல சமயங்களில் இந்தப் பட்டம் மனிதனுக்குக் கிடைப்பதல்ல, அவன் உடம்பில் இருக்கும் நோய்க்குக் கிடைப்பது. மருந்து கிடைக்க வேண்டிய இடத்தில் வசவு கிடைக்கிறது. லீவு கிடைக்க வேண்டிய இடத்தில் சம்பளப் பிடித்தம் கிடைக்கிறது. இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

தலைக்குள் மூட்டம்

கால் முறிந்தால் கட்டுப் போடுகிறார்கள், ஊர் பார்க்கிறது. காய்ச்சல் அடித்தால் தொட்டுப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் நாள்பட்ட நோய் மூளையை மந்தப்படுத்தினால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஆள் நிற்கிறார், நடக்கிறார், பேசுகிறார். ஆனால் சொல்ல வந்த வார்த்தை நாக்கில் வர மறுக்கிறது. எண்ணிய எண்ணிக்கை பாதியில் நழுவுகிறது. படித்த பக்கத்தையே நாலு தடவை படித்தாலும் ஏறுவதில்லை. "தலை கனக்குது, ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்று நம் ஜனங்கள் சொல்லுவது இதைத்தான். மார்கழி அதிகாலையில் வரப்பு தெரியாமல் பனி மூடுவது போன்ற மூட்டம் இது.

இது தனியான ஒரு நோயின் பெயரல்ல. பல நோய்கள் காட்டும் அடையாளம். காரணம் எது என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் வைத்தியம் உண்டு. கண்டுபிடிக்காமல் விட்டால் அந்தத் தொழிலாளி தன்னையே குறை சொல்லிக்கொண்டு தேய்ந்து போகிறார்.

தியாகராய நகரில் கண்டது

பனகல் பார்க்கிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை போய்ப் பாருங்கள். உஸ்மான் ரோடும் ரங்கநாதன் தெருவும் ஜனக் கடலாக இருக்கும். அந்தக் கடைகளின் மாடிகளில் நிற்கும் பெண்களில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கடைக்காரரே ஏற்பாடு செய்த விடுதியில் தங்கி, காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை செய்கிறார்கள்.

அவர்களில் ஒரு பெண்ணோடு நாம் பேசினோம். வயது இருபத்திரண்டு. புடவைப் பிரிவில் வேலை. ஆறு மாதமாக விலைச் சீட்டில் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறாள். வாடிக்கைக்காரர் கேட்ட நிறத்தை எடுக்கத் திரும்பினால், எதற்குத் திரும்பினோம் என்பது மறந்துவிடுகிறது. ஒவ்வொரு பிழைக்கும் சம்பளத்தில் பிடித்தம். "நான் முன்னே இப்படி இல்லீங்க அண்ணே, பிளஸ் டூவில கணக்குல நல்ல மார்க்கு" என்று சொல்லும்போதே கண் கலங்கினாள்.

கடைசியில் அவளோடு தங்கியிருந்த ஒரு அக்கா ராயப்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்தத்தைச் சோதித்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழரைதான் இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் தலை தெளிந்தது. எண்கள் தம் இடத்தில் நின்றன. ஆனால் பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. அவள் செய்த குற்றம் என்ன? ரத்தம் குறைந்ததுதான் குற்றம்!

ரத்தம் குறைந்தால்...

இது ஒரு பெண்ணின் கதை அல்ல. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது நூறு பெண்கள் வேலைக்குப் போனால், ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் குறைந்த ரத்தத்தோடு போகிறார்கள்.

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின்தான் மூச்சுக் காற்றிலுள்ள பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்கிறது. அதைச் செய்ய இரும்புச் சத்து வேண்டும். சுமப்பது குறைந்தால் தசை சோர்கிறது, மூளையும் சோர்கிறது. விறகு இல்லாத அடுப்பில் உலை கொதிக்கவில்லையே என்று அடுப்பைத் திட்டி என்ன பிரயோஜனம்?

ரத்தம் ஏன் குறைகிறது? கீரையும் முட்டையும் மீனும் எட்டாத விலையில் இருப்பது ஒரு காரணம். மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு இன்னொன்று. வயல்வேலை செய்யும் தோழர்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் தோல் வழியே இது நுழைகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு தினந்தோறும் ரத்தம் குடிக்கிறது. இதற்கு அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். செருப்பும் கக்கூஸும் இல்லாவிட்டால் புழு மறுபடியும் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பசியை அடக்க டீ குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறைகிறது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவும். இவை காசு அதிகம் கேட்காத வைத்தியம்.

வேறு நோய்களும் உண்டு

தைராய்டு சுரப்பி மந்தமானாலும் மறதியும் தூக்கமும் வரும். ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். பி-12 வைட்டமின் குறைந்தாலும் வரும். சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் தலை கலங்கும். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு என்று சொல்கிறது.

கொரோனா கண்டு பிழைத்தவர்களின் கதை வேறு. நோய் போன பிறகும் சிலருக்குக் களைப்பும் மூச்சு வாங்குவதும் புத்தி மந்தமும் மாதக் கணக்கில் நிற்கின்றன. 2021 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் இதை ஒரு நோய்நிலை என்று வரையறுத்தது. இந்த நோயாளிகளில் பலர் உடம்பை மீறி உழைத்தால் மறுநாள் அதிகமாக விழுகிறார்கள். "வேலை செய்தால் சரியாகிவிடும்" என்று அவர்களை விரட்டுவது வைத்தியமல்ல, வதை.

சேத்துப்பட்டு கற்பித்த பாடம்

ஏழைக்கு நாள்பட்ட நோய் வந்தால் கதி இல்லை என்று நினைப்பவர்கள் சென்னை நகரத்தின் சரித்திரத்தையே பார்க்கட்டும். 1956இல் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அந்தக் காலத்தில் க்ஷயரோகிக்கு ஸானடோரியம்தான் வழி என்பது அபிப்பிராயம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு. அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சேத்துப்பட்டு நிலையத்தார் நோயாளிகளில் ஒரு பாதியை ஸானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதிக்கு வீட்டிலேயே ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். சாப்பாடும் ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். உலகமே தன் க்ஷயரோக வைத்திய முறையை மாற்றிக்கொள்ள இது துணை நின்றது.

இதிலிருந்து "ஏழைக்குச் சாப்பாடும் ஓய்வும் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அது குதர்க்கம். அந்த நிலையம் மருந்தை மட்டுமா கொடுத்தது? நோயாளியின் வீட்டைத் தேடிப் போனது, விடாமல் மருந்து சாப்பிடுகிறாரா என்று கவனித்தது. வைத்தியம் தொழிலாளியின் வாழ்க்கைக்குத் தக்கபடி வளைந்து கொடுத்தது, அதனால் ஜெயித்தது. வைத்தியம் வளைய முடியுமென்றால், வேலை நேரம் வளைய முடியாதா? ஒரு நாற்காலி வளைய முடியாதா?

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

நாற்காலி என்று சொன்னோம். அது வேடிக்கையல்ல. கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2018இல் கேரளம் சட்டம் செய்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபையிலும், 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள நாற்காலியில் யாரும் உட்கார முடியாது. கடையில் போட்டால்தான் உட்காரலாம். போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு மாடியிலும் பார்க்க வேண்டியது தொழிலாளர் இலாகா. பார்க்க வைக்க வேண்டியது சங்கம்.

நோயில் படுத்தால் அடுப்பு எரிய ஈ.எஸ்.ஐ. ஏற்பாடு இருக்கிறது. சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை, சராசரி தினக்கூலியில் 70 சதவிகிதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். க்ஷயரோகம் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவிகிதமாக, இன்னும் அதிக காலம் கிடைக்கும். தொழிலாளியின் சந்தா 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். உங்கள் பெயரில் அது கட்டப்படுகிறதா என்று இந்த மாதமே கேளுங்கள்.

ஆனால் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை செய்யும் அம்மாக்களுக்கு என்ன இருக்கிறது? நகரத்துக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்கள் விடியுமுன் பஸ் ஏறி வருகிறார்கள். நாலு வீட்டு வேலையில் அடுப்பை அணைக்க மறந்தால் வேலை போகிறது. நோய்க்கால உதவி கிடையாது, லீவு கிடையாது. விவசாயக் கூலிக்கும் இதே நிலைதான். உழைத்த நாளுக்கு மட்டும் கூலி என்ற ஏற்பாட்டில், நோய் என்பது பசி என்றே அர்த்தம்.

இந்த லட்சணத்தில் வேலை நேரத்தைக் கூட்டவும் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். தெளிந்த தலைக்கே பன்னிரண்டாவது மணியில் கை தடுமாறும். மூட்டம் பிடித்த தலையோடு ஓடும் இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் இழப்பது சம்பளத்தை மட்டுமல்ல, விரலையும் இழப்பார்.

நாம் செய்ய வேண்டியது

"முடியாதவன் வீட்டில் இருக்கட்டுமே" என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் இருந்தால் சோறு யார் போடுவது? முடியாத வேலை ஒன்று இருந்தால், முடிகிற வேலை ஒன்று இருக்கும். எண்ணிக்கை தடுமாறுகிறவரை மூன்று மாதம் மடிப்பு வேலைக்கு மாற்றினால் கடை கவிழ்ந்துவிடாது.

மூட்டத்தோடு வேலையும் படிப்பும் நடத்துகிறவர்களுக்கு அனுபவப்பட்டவர்கள் சொல்லும் சில வழிகள்: மனதை நம்பாமல் சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒரு வேலை. தலை தெளிவாயிருக்கும் நேரம் எது என்று கவனித்து, கடினமான பாடத்தையும் கணக்கையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு ஓய்வெடுக்காமல், விழுமுன் ஓய்வெடுங்கள். எண்ணியதைப் பக்கத்தில் இருப்பவரை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதற்கு? இரண்டு வாரத்துக்கு மேல் மூட்டம் நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம், சர்க்கரை, தைராய்டு பார்க்கக் கேளுங்கள். திடீரென்று பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108க்குச் சொல்லுங்கள்.

சங்கங்களுக்கும் சொல்லுகிறோம். கூலி உயர்வுக் கோரிக்கையோடு இவற்றையும் எழுதுங்கள்: வருஷம் ஒரு தடவை வேலை நேரத்திலேயே ரத்தச் சோதனை, நோயால் வந்த பிழைக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது, குணமாகும் வரை இலகுவான வேலை, வீட்டு வேலைக்காரருக்கும் விவசாயக் கூலிக்கும் நோய்க்கால உதவி.

இன்னொன்று நமக்குள்ளேயே. நம் பக்கத்தில் நிற்கும் தோழர் ஒரு விஷயத்தை மூன்றாம் தடவை கேட்டால், "காது அவிஞ்சு போச்சா?" என்று சிரிக்கிறோம். மேஸ்திரி கொடுக்கும் பட்டத்தை நாமும் சேர்ந்து கொடுப்பதா? அவரைத் தனியே அழைத்து, "உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் வைத்தியம் ஆரம்பமாகிறது.